அக்காவின் மணிக்கட்டில் சுண்ணாம்பு

1

அக்கா கேக்கை இடக்கையால் வெட்டினார். வட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கமராதான் பக்கம் மாற்றிக் காட்டுகிறது என்று முதலில் பட்டது. ஆனால் அவருக்குப் பின்னால் தொங்கிய கலண்டரில் எழுத்தெல்லாம் நேராகவே இருந்தது.

அன்றைக்கு றெஜினா அக்காவுக்கும் அத்தானுக்கும் கல்யாண நாள். திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில், உள்துறைமுகம் தெரிகிற எங்கள் வீட்டில், அத்தான் தலையணைகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். துறைமுகத்தில் பைலட் படகு ஓட்டின மனுஷன். நல்ல உயரம், நல்ல உடம்பு. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்து இப்போது மூன்றாவது வருஷம். பேச்சும் குழறல்தான். அந்தக் குழறல் அக்காவுக்கு மட்டும் விளங்கும். நாங்கள் எல்லோரும் அக்காவின் வாயால்தான் அத்தானோடு கதைப்பது. பிள்ளைகள் இல்லை.

"ஏனக்கா இடக்கையால வெட்டுறீங்கள்?"

"ஒண்டுமில்லையடி. மணிக்கட்டில ஒரு நரம்பு இழுத்துப்போட்டுது. எண்ணெய் போட்டுத் தேச்சனான். சரிவரும்."

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் அந்த இடக்கை என்னை ஏன் அப்படிப் பயப்படுத்தியது என்று விளங்கும். நான் சுவிஸில் ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறேன். எழும்ப ஏலாதவர்களை எழுப்பி, குளிக்க வார்த்து, கதிரையில் இருத்தி, திரும்பக் கொண்டுவந்து கிடத்துவது. அக்கா அத்தானுக்குச் செய்கிற அதே வேலை. நான் முன்பின் தெரியாத கிழவர்களுக்குச் செய்கிறேன், சம்பளம் தருகிறார்கள். தூக்குவதற்கு மெசினும் இருக்கிறது. முதுகுக்குக் கீழே ஒரு துணியை விரித்து, நாலு கொக்கியில் மாட்டி, பட்டனை அமத்தினால் எத்தனை கிலோ மனுஷனும் மேலே வந்துவிடுவார். மெசின் இல்லாமல் கையால் தூக்கினது தெரிந்தால் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டுக் கண்டிப்பார். உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று அவ்வளவு அக்கறை.

அக்காவிடம் இருந்தது இரண்டு கை. அதில் வலக்கை இப்போது இழுத்துப்போட்டதாம்.

2

என் மகள் மதுரா இங்கே பிறந்தவள். பிசியோதெரபி படிக்கிறாள். தமிழில் கேட்டால் இந்த ஊர்ப் பாஷையான டொச்சில் பதில் சொல்லுகிற ரகம். பெரியம்மாவுக்கு மணிக்கட்டில் நரம்புப் பிரச்சினை என்று, நரம்புக்கு எனக்குத் தெரிந்த டொச் சொல்லைப் போட்டுச் சொன்னேன்.

உடனே கேள்விகள். விரல் விறைக்கிறதா, ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா, பொருட்கள் கைநழுவுகிறதா. நான் அக்காவுக்கு ஃபோன் அடித்துக் கேட்டேன்.

"விறைப்பு ஒண்டுமில்லை. நெருப்பாக் கொதிக்குது. தொட ஏலாது. சட்டைக் கை பட்டாலும் உயிர் போகுது."

"அப்ப அது நரம்பில்லை" என்றாள் மதுரா.

"நரம்புதானடி. நோகிறவ சொல்லுறா, நீ இல்லை எண்டுறாய்."

அவள் எழும்பி வந்து என் கையைப் பிடித்து மடக்கினாள். மணிக்கட்டில் கயிறு மாதிரிப் புடைத்து நிற்பதைத் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டாள்.

"நரம்பு."

பக்கத்தில் நீலமாய் ஓடுவதைத் தொட்டாள். "இது?"

"நரம்பு."

"விரல் விறைச்சா, அது எதால?"

"அதுவும் நரம்பாலதான்."

மதுரா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவளுடைய பாஷையில் மூன்றுக்கும் மூன்று பெயர். தசையை எலும்போடு கட்டி வைத்திருப்பது ஒன்று, ரத்தம் ஓடுவது ஒன்று, உணர்ச்சி போய் வருவது இன்னொன்று. எங்களுக்கு எல்லாம் நரம்பு. ரத்தம் எடுக்க வருகிறவர் நரம்பு பிடிபடவில்லை என்பார், கால் பிசகினால் நரம்பு பிரண்டுவிட்டது என்போம், கை நடுங்கினால் நரம்புத் தளர்ச்சி. ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் சமாளித்திருக்கிறோம், ஒரு குறையும் தெரிந்ததில்லை. "தமிழைப் பற்றி உனக்கென்னடி தெரியும்" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அந்தக் கோபம் வந்தது.

ஃபோனில் தேடி அவளே ஒரு சொல்லை எடுத்துத் தந்தாள். தசைநாண். நான் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை ஒருவர் வாயிலும் கேட்டதில்லை. என்றாலும் அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, அது நரம்பில்லையாம். தசைநாணாம்."

"எந்த நானா?"

"நானா இல்லையக்கா. நாண்."

"ஹமீத் நானாவைத்தானே கேக்கிறாய்? அவர் இப்பதான் ஓட்டோவை எடுத்துக்கொண்டு கிண்ணியாவுக்குப் போனவர். பின்னேரம் வருவார், வந்தாச் சொல்லுறன்."

முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். ஹமீத் நானா கிண்ணியாக்காரர். அத்தானோடு துறைமுகத்தில் ஒன்றாய் வேலை செய்தவர், இப்போது ஓட்டோ ஓடுகிறார், அக்காவுக்கு எந்த அவசரத்துக்கும் முதலில் வந்து நிற்கிறவர். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். விஷயம் பிடிபட்டதும் அக்காவும் சிரித்தார். மதுரா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இதை விளங்கப்படுத்தி முடிக்கிறபோது சிரிக்க அதில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

3

நோவு என்னவென்று கண்டுபிடிக்கும் முன்னர் அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல.

எண்ணெய் போட்டு இழுத்துத் தேய்த்ததில் வீக்கம் இரண்டு மடங்காயிற்று. சந்தியில் இருக்கிற டிஸ்பென்சரி டொக்டர் சிவந்திருப்பதைப் பார்த்துக் கிருமி என்று குளிசை கொடுத்தார். அது முடிந்தும் குறையவில்லை. இன்னொருவர் யூரிக் அமிலம் என்று பருப்பையும் இறைச்சியையும் நிற்பாட்டினார். ரத்தத்தைச் சோதித்தால் அதில் ஒரு பிழையும் இல்லை. இதற்கிடையில் அக்கா ஒவ்வொரு நாளும் அத்தானைக் கட்டிலில் இருந்து தூக்கி, கொமட் கதிரையில் இருத்தி, கழுவி, திரும்பவும் தூக்கிக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ஹமீத் நானா விடாப்பிடியாய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கையை நேராக வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே இருந்த சிங்கள டொக்டர் சின்னப் பிள்ளைதானாம், ஆனால் விட்டுவிடவில்லை. சின்னவிரல் பக்கம், மணிக்கட்டு மடிகிற இடத்தில் அமத்தினாராம், அக்கா போட்ட கத்தலில் வரிசையில் நின்ற சனம் எட்டிப் பார்த்ததாம். கையைக் கொஞ்சம் சரித்து வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். அதில் பட்டாணிக் கடலை அளவான ஒரு எலும்புக்குப் பக்கத்தில், சோக்குத்தூள் அப்பின மாதிரி வெள்ளையாய் ஒன்று தெரிந்தது.

டொக்டர் சிங்களத்தில் சொன்னதை ஹமீத் நானா எனக்குத் தமிழில் சொன்னார். "தங்கச்சி, பயப்பட ஒண்டுமில்லையாம். நரம்பில கல்சியம் படிஞ்சிருக்காம்."

பாருங்கள், திரும்பவும் நரம்பு!

மதுரா படம் வேண்டும் என்றாள். அக்கா எக்ஸ்ரேயை யன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்க, ஹமீத் நானா ஃபோனால் எடுத்து அனுப்பினார். எலும்புகளுக்கு நடுவே எங்கள் வேலியும், அதில் பூவரச இலை கடித்துக்கொண்டு நின்ற, எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்றும் தெரிந்தன. மதுரா மானை விட்டுவிட்டு வெள்ளையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள், இங்கேயே கனபேர் இதைத் தவறவிடுவார்கள் என்றாள். மணிக்கட்டில் இது வருவது குறைவாம். தோளில்தான் அதிகமாம்.

அக்காவின் காதில் ஏறியது கல்சியம் என்ற ஒரு சொல்தான். உடம்பில் கல்சியம் கூடிப்போயிற்று என்று முடிவெடுத்து, பாலை விட்டார், நெத்தலியை விட்டார், எலும்புக்கென்று கிளினிக்கில் கொடுத்திருந்த குளிசையையும் அலுமாரிக்குள் தூக்கிப் போட்டார். சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மதுரா சொன்னதை நான் மொழிபெயர்க்க வேண்டும். இலகுவாய் விளங்கட்டும் என்று, "கேத்திலுக்கு அடியில சுண்ணாம்பு மாதிரிப் படியுமே, அப்பிடித்தானக்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா கிடந்தால்தானே! "இஞ்ச நாங்கள் கேத்திலுக்கு வினாகிரி ஊத்தி வைப்பம், எல்லாம் கழண்டுவரும்" என்றும் சொல்லிவைத்தேன்.

அடுத்த நாள் எடுத்தால், அக்கா மணிக்கட்டில் வினாகிரியில் நனைத்த துணி சுற்றிக்கொண்டு இருக்கிறார். "விடியத் தொடங்கிச் சுத்தியிருக்கிறன். அவர் அச்சாறு மணக்குதெண்டு முகத்தைச் சுளிக்கிறார்." துணியை அவிழ்க்க, வெந்த மாதிரித் தோல் உரிந்திருந்தது.

"அம்மா, பிளீஸ்" என்றாள் மதுரா, தமிழில். "நீங்க இனி உதாரணம் சொல்ல வேண்டாம்."

4

வைத்தியம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. வீக்கத்துக்குக் குளிசை, ஐஸ், உள்ளே தகடு வைத்த ஒரு பட்டி. சில கிழமை கையை அசைக்காமல் வைத்திருந்தால் படிந்ததை உடம்பே கரைத்துவிடுமாம். கரையாவிட்டால் ஸ்கானில் பார்த்து ஊசி. ஹமீத் நானா சுருக்கமாய்ச் சொன்னார். "கைக்கு லீவு குடுக்கட்டாம்."

"கைக்கு நான் லீவு குடுத்தா, இவரை ஆர் தூக்கிறது?" என்றார் அக்கா.

காசு நான் அனுப்புகிறேன், ஆள் பிடியுங்கள் என்றேன். ஒரு ஆள் வந்தார். அத்தான் இடக்கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு கண்ணால் தண்ணீர் ஓடினதாம். அக்கா அந்த ஆளை அன்றைக்கே அனுப்பிவிட்டார். ஹமீத் நானா நான் வருகிறேன் என்றார். அவர் கட்டிலடிக்கு வந்தால் அத்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிவிடுகிறார். ஒன்றாய்க் கடலுக்குப் போன ஆளுக்கு முன்னால் உடுப்பில்லாமல் கிடக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. யாரைக் குறை சொல்வது? நானாக இருந்தாலும் ஒப்பாது.

ஆகவே அக்கா காலையில் பட்டியைக் கழற்றுவார், அத்தானைத் தூக்குவார், பிறகு பட்டியைப் பூட்டிக்கொள்வார். டொக்டர் பிள்ளை ஒவ்வொரு கிளினிக்கிலும் ஏன் குறையவில்லை என்று கேட்க, இவர் சிரித்துவிட்டு வருவார்.

மதுராவுக்கு இது தெரிந்தபோது வந்த கோபத்தை நான் அவளிடம் முன்னர் பார்த்ததில்லை. பெரியம்மாவை அவள் நேரில் கண்டதே இரண்டு முறைதான். ஆனால் ஃபோனைப் புத்தக அடுக்கில் நிறுத்தி, என்னைக் கம்பளத்தில் படுக்கச் சொல்லி, பெரியம்மா பாருங்கோ என்று தொடங்கிவிட்டாள். நான் அத்தான். ஒரு பக்கம் செத்துக் கிடக்க வேண்டும். முழங்காலை மடித்து, கட்டில்சீலையின் நுனியை இழுத்து, தன் இடுப்பைக் கொடுத்து என்னைச் சரித்தாள்.

"கை வேண்டாம் பெரியம்மா. கை சும்மா. பெரியப்பாவை உருட்டுங்கோ."

"உருட்டவோ? அவர் என்ன, பீப்பாவோ?"

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பின்னால் கட்டிலில் இருந்து அத்தானும் ஏதோ சத்தம் போட்டார். "அவரும் சிரிக்கிறாரடி" என்றார் அக்கா. கம்பளத்தில் கிடந்தபடியே மதுராவைப் பார்த்தேன். இந்தப் பிள்ளை தமிழை விட்டுப் போய்விட்டாள் என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன்! அவள் போனது உண்மைதான். இருந்தும் அன்றைக்கு அந்த அறைக்குள் உருப்படியாய் ஒரு காரியம் செய்தவள் அவள்தான்.

உருட்டுவது சரிவந்தது. சரித்துத் துடைக்கலாம், சீலை மாற்றலாம். ஆனால் கட்டிலில் இருந்து கதிரைக்குப் போவதற்குத் தூக்கத்தான் வேண்டும். அதற்கு மதுராவிடமும் வித்தை இருக்கவில்லை.

5

எங்கள் இல்லத்தில் ஒரு பழைய தூக்கும் மெசினைக் கழிக்கப் போகிறார்கள் என்று அறிந்து, மேலாளரிடம் கேட்டேன். தாராளமாய் எடுத்துக்கொள் என்றார். கப்பலில் போடலாம் என்று விசாரித்தால், பாவித்த வைத்திய உபகரணம் என்றபடியால் கொழும்பில் அனுமதி வேண்டுமாம். அந்த அனுமதிக்கு, மெசின் பாதுகாப்பானது என்று செய்த கம்பனி கடிதம் தர வேண்டுமாம். கம்பனிக்கு எழுதினேன். இந்த வகை காலாவதியானது, பாவிக்க வேண்டாம் என்று மரியாதையாய்ப் பதில் வந்தது. முந்தின நாள் வரைக்கும் அதே மெசினில்தான் நான் ஆட்களைத் தூக்கிக்கொண்டு இருந்தேன்.

சரி, நானே போய் நிற்கிறேன் என்று லீவு கேட்டேன். கோடை முடியட்டும், ஆள் பற்றாது என்றார்கள். சொந்த அக்கா என்றேன். பெற்றோர் என்றால் யோசிக்கலாம், அக்காவுக்கு அப்படி ஒரு விதி இல்லை என்று சொன்னார்கள். எங்களை அம்மா விட்டுப்போன பிறகு எனக்குத் தலைவாரி விட்டது யார் என்று டொச்சில் சொல்லத் தொடங்கினேன். பாதியில் வினைச்சொல் எங்கே போட வேண்டும் என்று குழம்பி, பேசாமல் எழும்பி வந்துவிட்டேன்.

6

மணிக்கட்டில் படிந்தது கரையவில்லை. எப்படிக் கரையும்? ஊசி போடுவதென்று முடிவாயிற்று.

ஊசிக்குப் போகிற நாள் அத்தானோடு யார் இருப்பது? அக்காவே வழி கண்டுபிடித்தார். பழைய ஃபோனை அத்தானின் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் நிறுத்தி, வீடியோவில் என்னை எடுத்துவிட்டு, "நீ பாத்துக்கொள்ளடி, ஏதுமெண்டா ஹமீத் நானாவின்ரை ஃபோனுக்கு அடி" என்று ஓட்டோவில் ஏறினார். எனக்கு அன்றைக்குப் பின்னேரம்தான் வேலை. குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அத்தானைக் காவல் காத்தேன்.

கொஞ்ச நேரம் நானே கதைத்தேன். மழை, மதுராவின் பரீட்சை, விலைவாசி. அத்தான் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒன்றும் விளங்கவில்லை. "திரும்பச் சொல்லுங்கோ அத்தான்" என்றேன். சொன்னார். இல்லை, விளங்கவில்லை. அவருக்கு வேர்த்தது. விட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாய்த் தள்ளினார். நான் ஒவ்வொரு சொல்லாய்ச் சொல்லிக்காட்ட, இல்லை என்று கண்ணை மூடுவார், சரியென்றால் திறந்து வைத்திருப்பார்.

"சிஸ்... சிஸ்டர்மார்?"

கண் திறந்திருந்தது.

"கன்னியாஸ்திரி சிஸ்டர்மாரின்ரை இடம்? வயது போன ஆக்களை வச்சிருக்கிற இடமோ?"

கண் திறந்திருந்தது.

"அங்க... உங்களை விடச் சொல்லுறீங்களோ?"

அத்தான் அழத் தொடங்கினார். அழுதுகொண்டே இன்னும் இரண்டு சொல் சொன்னார். அது எனக்கு ஒரே தரத்தில் விளங்கிவிட்டது. "நீ சொல்லு." அக்காவிடம் தன்னால் சொல்ல ஏலாது, சொன்னால் அக்கா விளங்காத மாதிரி இருந்துவிடுவார், அதனால் நீ சொல்லு.

அந்த அழுகையில் அவர் உடம்பு சரிந்தது. தலையணை நழுவ, வலப்பக்கமாய் மெல்ல மெல்லச் சாய்ந்து, கன்னம் கட்டில் சட்டத்தில் போய் முட்டி நின்றது. "அத்தான், இடக்கையை ஊன்றுங்கோ! இடக்கை!" என்று கத்தினேன். அந்தக் கை எட்டவில்லை. ஹமீத் நானாவுக்கு அடித்தேன், அக்கா உள்ளே ஊசிக்குப் போய்விட்டார், வந்தவுடன் பறந்து வருகிறோம் என்றார். நாளுக்கு எத்தனையோ பேரைத் தூக்கி நேராக இருத்துகிறவள் நான். அரைமணித்தியாலத்துக்கு மேல், சட்டத்தில் கன்னம் நசுங்கக் கிடந்த அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்தா வந்திடுவினம், இந்தா வந்திடுவினம்" என்று ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத் தவிர எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

அக்கா வந்தார். கையில் பெரிய கட்டு. வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இரண்டு கையையும் அத்தானின் கக்கத்துக்குள் கொடுத்து ஒரே இழுவையில் நிமிர்த்தினார். "இண்டைக்குக் கையை அசைக்கவே கூடாதெண்டு சொன்னவை, றெஜினா!" என்று ஹமீத் நானா பின்னால் நின்று கத்தினது கேட்டது. அக்கா தலையணையைச் சரிசெய்தார். சட்டம் பதிந்திருந்த கன்னத்தைத் தடவினார். அப்போதுதான் அவருக்கு நோவு தெரிந்தது போல, கட்டில் விளிம்பில் குந்தி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஃபோனை எடுத்தார்.

"ஏனடி அழுதிருக்கிறார்? உன்னோட கதைச்சவரோ? என்ன சொன்னவர்?"

அத்தான் என்னைத்தான் பார்த்தார். அந்த வீட்டில் முதன்முறையாக அவருடைய பேச்சு அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எங்கள் இல்லத்தில் கொண்டுவந்து விடப்படுகிறவர்களின் முதல் நாள் முகம் எனக்குத் தெரியும். விட்டுவிட்டுப் போகிறவர்களின் முகமும் தெரியும். அக்காவின் கைக்கட்டுத் துணியில் ரத்தப்பொட்டு ஒன்று ஊறி வந்துகொண்டிருந்ததும் தெரிந்தது. எதைச் சொன்னாலும் ஒருவருக்குத் துரோகம்.

"உங்கடை கை எப்பிடியெண்டு கேட்டவர்" என்றேன்.

அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "பாத்தியே, அவருக்கு எந்த நேரமும் என்ரை கைதான் கவலை" என்று, அந்தக் கையாலேயே அத்தானின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டார்.

ஊசி வேலை செய்திருக்கிறதாம். நோவு பாதியாகிவிட்டதாம், தூக்குவது இப்போது சுகமாம். நான் ஒவ்வொரு காலையும் எடுக்கிறேன். எடுக்கிற நேரமெல்லாம் அத்தான் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடக்கிறார்.

"இந்த நேரத்தில அவருக்கு நல்ல நித்திரையடி" என்கிறார் அக்கா.

ஓம் என்கிறேன்.